பதுக்கப்பட்ட ஆற்றல் ஒன்று

1974ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் திகதி, திங்கட்கிழமை. வானம் முழுவதும் மேகமூட்டமாக இருந்தது. வடகீழ்ப் பருவக்காற்று கொட்டியாற்றுக் குடாவின் மேலாக வீசிக்கொண்டிருந்தது. காலை ஏழு மணிக்கு மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் புறப்படவேண்டிய லோஞ்சுப் படகு புறப்படவில்லை. ஒன்பது மணிக்கு ஆரம்பித்த மழை பத்து மணிக்கு நின்றது. பத்தே கால் மணிக்குக் கிராம சேவகர் எனது வேலிக் கடவையில் வந்து நின்று, குடையை மடக்காமலே ஒரு படிவத்தை நீட்டினார்.

"அபூதாஹிர் காக்கா, வீட்டில பதினாறு வயசுக்கு மேல புள்ள இரிக்கா?"

"யாரு கேக்கிற?"

"அரசாங்கம்."

"அப்ப இல்ல."

எனக்குப் பின்னால் நின்ற என் மகள் லைலா தொண்டையைச் செருமினாள். அவளுக்கு வயது பதினேழு. கிராம சேவகர் அவளைப் பார்த்தார். பின்னர் என்னைப் பார்த்தார். பின்னர், இத்தகைய காட்சிகளில் பழக்கமுள்ளவராகையால், வானத்தைப் பார்த்தார்.

"இது நெல்லுக்கு இல்ல காக்கா. புள்ளைகளுக்கு என்ன தொழில் சரிவரும் எண்டு சொல்லுறதுக்கு டவுனில புதுசாக் கந்தோர் ஒண்டு திறந்திரிக்கிறாங்க. அவங்கட படிவம்."

சந்தேகம் இருவகைப்படும். குடிமக்கள் அரசாங்கத்தின் மீது கொள்வது ஒருவகை. அரசாங்கம் குடிமக்கள் மீது கொள்வது மற்றொருவகை. இவ்விரண்டில் எது முந்தியது என்பது எவருக்கும் தெரியாது. அந்த ஆண்டுகளில், வீட்டில் நெல் இருக்கிறது என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால், அடுத்த வாரம் அதனை ஏற்றிச்செல்ல அவனுடைய வாசலில் அரசாங்க லொறி நின்றது. ஆகையால் எவரும் அவ்வாறு எழுதுவதில்லை. பத்து மூட்டை இருப்பவன் மூன்று என்று எழுதுவான். மூன்று இருப்பவன் ஒன்றும் இல்லை என்று எழுதுவான். ஒன்றும் இல்லாதவனோ, தன் வறுமை வெளியில் தெரியக்கூடாது என்பதற்காக இரண்டு என்று எழுதுவான்.

நான் இரண்டு ஏக்கர் வயல் செய்பவன். எனது நாற்பதாவது வயதில் முதியோர் கல்வி வகுப்பில் எழுத வாசிக்கக் கற்றுக்கொண்டேன். அதன் பின்னர் எங்கள் ஒழுங்கையிலுள்ளவர்களுடைய படிவங்கள் அனைத்தையும் நானே நிரப்பி வருகிறேன். படிவத்தை நான் கவனமாக வாசித்தேன்.

காகிதத் தட்டுப்பாடு காரணமாக அதனைப் புதிதாக அச்சிடவில்லை. எங்கோ மிச்சமாகிக் கிடந்த நெல் விபரப் படிவங்களை எடுத்து, ‘நெல்’ என்ற சொல்லைக் கோடிட்டு வெட்டி, அதற்கு மேலே ‘ஆற்றல்’ என்று தட்டச்சில் பொறித்திருந்தார்கள். முதலாம் வினா: உமது பொறுப்பிலுள்ள ஆற்றலின் இனம். இரண்டாம் வினா: அதன் அளவு, புசல் கணக்கில். மூன்றாம் வினா: ஆற்றல் எவ்விடத்தில் களஞ்சியப்படுத்தப்பட்டுள்ளது? நான்காம் வினா: வீட்டுத் தேவைக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு? ஐந்தாம் வினா: ஈரப்பதன். கடைசி வரியில் மாத்திரம் எதனையும் வெட்டவேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்பட்டிருக்கவில்லை. ‘மறைத்து வைத்தல் தண்டனைக்குரிய குற்றமாகும்’ என்று அது அப்படியே இருந்தது.

அன்று மாலை அயலவர்கள் தத்தம் படிவங்களுடன் எனது முற்றத்தில் கூடினார்கள். அடுத்த வளவிலுள்ள கலீலுர் றஹ்மான் எல்லோருக்கும் முன்னதாகப் பேசினார்.

"நெல்ல எடுத்தானுகள். தேங்காய எண்ணினானுகள். இனிப் புள்ளையளுக்க இரிக்கிறதையும் எடுக்கப் போறானுகள். எழுதாத மச்சான். ஒண்டும் எழுதாத."

"எழுதாமலும் விட ஏலாது," என்றேன் நான்.

"அப்ப ‘இல்ல’ எண்டு எழுது."

முப்பத்தேழு படிவங்களிலும் நான் ‘இல்லை’ என்று எழுதினேன். தெளிவாகவும், ஒரே அளவிலும், உறுப்பமைய எழுதினேன்.

உண்மை என்னவெனில், லைலாவிடம் ஆற்றல் இருந்தது. என் மனைவி சித்தி பரீதாவின் தம்பி திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வானொலி அறையில் வேலை செய்தவர். அவர் காலமானபோது ஒரு தகரப்பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்குள் ஈயம் பற்றவைக்கும் இரும்பு ஒன்றும், ஈயக்கம்பிச் சுருள் ஒன்றும், திருப்புளிகள் நான்கும் இருந்தன. பன்னிரண்டு வயதில் லைலா அதனைத் திறந்தாள். பதினைந்து வயதில் எங்கள் ஒழுங்கையிலுள்ள பதினொரு வானொலிப் பெட்டிகளையும், சிரட்டைக் கரியில் இரும்பைப் பழுக்கவைத்து, அவளே திருத்தினாள். ஒவ்வொரு பெட்டிக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஒழுங்கையில் ஒரேயொரு அனுமதிப்பத்திரம் இருந்தது. அது அங்கே வாடகைக்கு இருந்த தபாலதிபருக்கு உரியது. அவர் மாற்றலாகிச் சென்றபோது அதனையும் கொண்டு சென்றுவிட்டார். ஆகவே லைலாவின் ஆற்றலை வெளியிடுவது பதினொரு வீட்டுக்காரரையும் காட்டிக்கொடுப்பதற்குச் சமனாகும்.

கிராம சேவகர் படிவங்களை எடுத்துச் சென்ற பின்னரே லைலா கேட்டாள்.

"வாப்பா, என்ன எழுதினீங்க?"

"இல்ல எண்டு."

"எத்தனையாம் கேள்விக்கு?"

"எல்லாத்துக்கும்."

"ஈரப்பதனுக்கும்?"

"அதுக்கும்தான்."

அவள் உள்ளே சென்று, அலுமாரியின் கீழ்த் தட்டில் விரித்திருந்த கடதாசிக்கு அடியிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து வந்தாள். திருகோணமலைத் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமொன்றில் வானொலி திருத்தும் ஒரு வருடப் பயிற்சிக்கு இருபது பேர் தேவை, பெண்களும் விண்ணப்பிக்கலாம், வயது பதினெட்டுக்கு மேற்படலாகாது, விண்ணப்பத்துடன் தொழில் வழிகாட்டல் பணிமனை வழங்கும் ஆற்றல் அத்தாட்சி இணைக்கப்படல் வேண்டும், முடிவுத் திகதி டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 4.15. இச்செய்தியை அவள் ஒரு மாதமாக எனக்கு மறைத்திருந்தாள். என் மனைவி அதனை அறிந்தும் மறைத்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் எதையேனும் ஒளித்து வைக்காதவர் எவருமில்லை என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

"அடுத்த வருசம் எனக்குப் பதினெட்டுத் தாண்டிடும் வாப்பா," என்றாள். "இத விட்டா இல்ல."

"என்னத்துக்கு எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னா வேணாம் எண்டு சொல்லுவீங்க எண்டு நினைச்சன்."

நான் அவ்வாறுதான் சொல்லியிருப்பேன். ஆகையால் பத்திரிகைத் துண்டை மீண்டும் ஒருமுறை வாசித்தேன்.

நவம்பர் 25ஆம் திகதி நானும் லைலாவும் லோஞ்சில் ஏறித் திருகோணமலைக்குச் சென்றோம். பணிமனை, இறங்குதுறைக்கு அண்மையில், பூட்டப்பட்ட ஒரு கடையின் மேல்மாடியில் இருந்தது. ‘இளைஞர் ஆற்றல் வெளிப்படுத்துகை, தொழில் வழிகாட்டல் பணிமனை’ என்னும் பெயர்ப்பலகை வாயிலின் அகலத்தை விஞ்சியிருந்தமையால், அதன் இறுதிப் பகுதி பக்கத்துச் சுவரில் தொடர்ந்தது. வழிகாட்டல் உத்தியோகத்தர் திரு. ஞானமணி மேசையில் எங்கள் ஒழுங்கையின் படிவக் கோவையை விரித்து வைத்திருந்தார். அவர் எங்களைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. கதிரைகளில் கோவைகள் இருந்தன.

"மூதூர். முப்பத்தேழு படிவம். முப்பத்தேழிலயும் ‘இல்லை’. எல்லாம் ஒரே கையெழுத்து."

"என்ட கையெழுத்துத்தான் சேர்," என்றேன்.

"வடிவான கையெழுத்து. இதிலயிருந்து பணிமனை என்ன முடிவுக்கு வந்தது தெரியுமோ?"

"எங்களுக்கிட்ட ஒண்டும் இல்ல எண்ட முடிவுக்கு."

"இல்லை. மூதூரில பெருந்தொகையான ஆற்றல் பதுக்கப்பட்டிருக்கு எண்ட முடிவுக்கு."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, தமது துறையின் அடிப்படையை எனக்கு விளக்கினார்.

"உப்புவெளியில ஒரு தகப்பன் எழுதினார், மகனுக்குக் கொஞ்சம் நீந்தத் தெரியும் எண்டு. கொஞ்சம் எண்டா நிறைய இருக்கு. நிறைய எண்டு எழுதினா ஒண்டும் இல்லை. இல்லை எண்டு எழுதினா வீடு நிறைய அடுக்கி வைச்சிருக்கினம். இது விஞ்ஞானம்."

"அப்ப எவ்வளவு எண்டு எழுதினா நம்புவீங்க சேர்?" என்று லைலா கேட்டாள்.

"பிள்ளை, எங்களை நம்புறதுக்கு நியமிக்கேல்லை."

"இதுவரைக்கும் எத்தன பேருக்குத் தொழில் சொல்லியிரிக்கிறீங்க?"

"அது இரண்டாங் கட்டம். இப்ப நடக்கிறது முதலாங் கட்டம், வெளிப்படுத்துகை. ஆர் ஆர் என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கினம் எண்டு முதலில தெரியவேணும். அது முடிய எட்டு வருசம் செல்லும்."

"எட்டு வருசத்தில எனக்கு இருவத்தஞ்சு வயசாயிடுமே?"

"அப்ப நீர் இளைஞர் இல்லை. அதுக்கு வேற பணிமனை போடுவினம்."

இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பணிமனையிலும் பெற்றதில்லை. எனினும் டிசம்பர் 6ஆம் திகதியை நான் அவருக்கு நினைவூட்டினேன். படிவத்தில் ‘இல்லை’ என்பதை ‘உண்டு’ என்று மாற்றித் தரமுடியுமா என்று வினவினேன். அதற்கு மூன்று வழிகள் இருப்பதாக அவர் தெரிவித்தார். முதலாவது, ஆற்றல் படிவம் நிரப்பிய பின்னர் கிடைத்தது என்று எழுதலாம். அவ்வாறாயின் அதனை வழங்கியவரின் பெயரும் ஒப்பமும் வேண்டும்.

"குடுத்தவர் என்ட மாமா. மௌத்தாயிட்டார்," என்றாள் லைலா.

"எப்ப?"

"அஞ்சு வருசத்துக்கு முந்தி."

"செத்து அஞ்சு வருசத்துக்குப் பிறகு போன கிழமை குடுத்தவரோ? சரி. மரண அத்தாட்சிப் பத்திரமும், சாகேக்குள்ள ஆற்றல் அவரிட்ட இருந்தது எண்டதுக்கு அத்தாட்சியும் கொண்டு வாங்கோ."

இரண்டாவது வழி, பரிசோதகர் வீட்டுக்கு வந்து ஆற்றலைத் தேடிக் கண்டுபிடித்தல். மூன்றாவது வழி, மறைத்ததாக நானே ஒப்புக்கொண்டு கையெழுத்திடுதல். மூன்றாவதைச் சொல்லும்போது அவருடைய குரலில் முதன்முறையாக அன்பு தென்பட்டது. ஆகவே நான் இரண்டாவதைத் தெரிவுசெய்தேன்.

டிசம்பர் 3ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பரிசோதகர் வேலாப்போடி வந்து சேர்ந்தார். அவர் வெருகல் பக்கத்தவர். பதினெட்டு வருடங்கள் நெல் தேடியவர். மூட்டையைக் குத்தி உள்ளிருக்கும் நெல்லை வெளியே எடுக்கும் நீண்ட இரும்புக் குத்தூசியை, இடமாற்றக் கடிதத்துடன் சேர்த்துப் புதிய பணிமனைக்கும் கொண்டுவந்திருந்தார்.

அவர் வருவது முன்னரே ஊருக்குத் தெரிந்திருந்தது. பதினொரு வானொலிப் பெட்டிகளும் பதினோரிடங்களுக்குச் சென்றுவிட்டன. எங்கள் பெட்டியை என் மனைவி குசினியில், உமிச்சாக்கின் அடியில் வைத்தாள். கலீலுர் றஹ்மான் தமது பெட்டியை மெழுகுசீலையில் சுற்றி, வாளியில் வைத்துக் கிணற்றில் பாதியளவு இறக்கிக் கயிற்றைக் கட்டினார். செய்தி நேரத்தில் எங்கள் ஒழுங்கை முழுவதும் அமைதியாக இருந்தது. அதுவே ஒரு சாட்சியம் என்பதை ஒருவரும் எண்ணிப்பார்க்கவில்லை.

வேலாப்போடி முதலில் தலையணைகளைக் குத்தினார். பின்னர் பாயை உதறினார். பின்னர் லைலாவின் பாடப் புத்தகங்களைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினார். ஒரு மயிலிறகு விழுந்தது. அதனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே வைத்தார்.

"காக்கா, நெல்லெண்டா நான் மணத்திலேயே பிடிச்சிருவன்," என்று அவர் என்னிடம் கவலையுடன் கூறினார். "இதுக்கு மணமும் இல்லை, பாரமும் இல்லை. எங்க குத்துறது எண்டே தெரியல்ல. மகள், உன்ட திறமைய வெளியில எடன் பாப்பம்."

"ஒரு றேடியோ தாங்க. உடைஞ்சது. திருத்திக் காட்டுறன்."

"றேடியோக்கு நான் எங்க போற? உங்கட ஊரில ஒண்டும் இல்லையா?"

வேலிக்கு அப்பால் கூடிநின்ற அனைவரும் ஒரே குரலில் "இல்ல" என்றார்கள்.

அவ்வேளையில், கலீலுர் றஹ்மானின் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், கிழக்குக் கரையோரத்தில் இடியுடன் கூடிய மழை பெய்யும் என்று நிதானமாக அறிவித்தது.

வேலாப்போடி திரும்பினார். "கிணத்துக்குள்ள ஆரு?"

கலீலுர் றஹ்மானின் முகம் மாறவில்லை. "என்ட மாமி."

"கிணத்துக்குள்ள என்ன செய்யிறா?"

"கோவம். வீட்டில ஒரு சின்னக் கதை. இறங்கிட்டா."

குரல் மீண்டும் எழுந்து, மீனவர்கள் கடலுக்குச் செல்வதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டது.

"நல்ல மனிசி," என்றார் வேலாப்போடி. "கோவத்திலயும் ஊரை நினைக்கிறா."

அவர் தமது குறிப்பேட்டைத் திறந்து பின்வருமாறு எழுதியதை நான் அருகிலிருந்து வாசித்தேன்: ‘அயல் வளவின் கிணற்றில் ஒரு பெண். வானிலை அறிவு உண்டு. வயது அதிகமாகையால் எமது பணிமனையின் எல்லைக்குள் அடங்கார்.’ அதன் கீழே எங்களைப் பற்றி எழுதினார்: ‘வீடு முழுவதும் தேடப்பட்டது. ஆற்றல் எதுவும் அகப்படவில்லை. ஆகவே அது மிகத் திறமையாக ஒளிக்கப்பட்டுள்ளது.’

கடவையில் இறங்கும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். "காக்கா, உமிச்சாக்கில குத்தாம விட்டது தெரியாம இல்ல. பதினெட்டு வருசம் நெல்லுத் தேடினவன், உமிச்சாக்கு தெரியாதா? மூணாவது வழிய எடுங்க. ஞானமணி சேருக்கு அதுதான் விருப்பம்."

அவர் எனக்கு உதவி செய்தாரா, அல்லது அதுவும் பணிமனையின் ஒரு முறையா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டிசம்பர் 6ஆம் திகதி கடல் கொந்தளித்தது. ஏழு மணி லோஞ்சு ஒன்பதரைக்குப் புறப்பட்டது. இம்முறை என் மனைவியும் வந்தாள்; லைலா தகரப்பெட்டியையும் எடுத்து வந்தாள். நாங்கள் பணிமனையின் படிகளில் ஏறியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஞானமணி எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லோ? உங்களுக்குப் பள்ளிக்குப் போகவேணும். உங்கட சமயக் கடமையைப் பணிமனை மிகவும் மதிக்குது. திங்கட்கிழமை ஆறுதலா வாங்கோ."

எனது சமயத்துக்கு அரசாங்கம் இத்தகைய மரியாதை செலுத்தியதை நான் முன்னர் கண்டதில்லை. எனவே உடனடியாகச் சந்தேகித்தேன்.

"தொழுதுட்டு ரெண்டு மணிக்கு வாறன் சேர். இவங்க ரெண்டு பேரும் இங்கினேயே இரிப்பாங்க."

"என்னத்துக்கு?"

"நீங்க போகாம," என்றாள் சித்தி பரீதா. வாயிலுக்குக் குறுக்கே கிடந்த வாங்கில் அவள் அமர்ந்தாள்.

இரண்டு மணிக்கு நான் திரும்பியபோது ஞானமணி இருந்த இடத்திலேயே இருந்தார். சோற்றுப் பொதி பிரிக்கப்பட்டிருந்தது. என் மனைவி அதற்குள் அவருடைய பிறந்த ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, மனைவியின் முழங்கால் வருத்தம் ஆகிய அனைத்தையும் அறிந்திருந்தாள். நான் உள்ளே நுழைந்தபோது இறுதி வினாவை வினவிக்கொண்டிருந்தாள்.

"அது சரி தம்பி. உங்களுக்கு ஆரு இந்த வேலைக்கு வழிகாட்டின?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. எனக்கு நில அளவையாளராகத்தான் விருப்பம். அந்த நேரம் எங்களுக்கும் ஒரு படிவம் வந்தது. ஆற்றல் இருக்கு எண்டு எழுதினவையை எல்லாம் விசாரிச்சவை. இன்னும் விசாரணை முடியேல்லை. நான் ‘இல்லை’ எண்டு எழுதினனான். என்னில விசாரிக்க ஒண்டும் இல்லை. உடனே நியமனம் வந்திட்டுது. இந்தப் பணிமனையில இருக்கிற எல்லாரும் அப்பிடித்தான். மேலிடத்திலயும் அப்பிடித்தான் எண்டு கேள்வி."

இதனை அவர் எவ்விதத் துயரமுமின்றி, ஒரு வரலாற்றுப் பாடத்தைப் போல் கூறினார்.

இதற்கிடையில் லைலா அலுமாரியின் மேலே, பூப்போட்ட துணியால் மூடப்பட்டிருந்த ஒரு பொருளை நோக்கிக்கொண்டிருந்தாள்.

"சேர், அந்த றேடியோ வேல செய்யாதா?"

"எந்த றேடியோ?"

"துணிக்குக் கீழ இரிக்கிற."

"அது றேடியோ இல்லை." ஞானமணி பொருட்பதிவேட்டை எடுத்து, ஒரு வரியின் மீது விரலை வைத்தார். ‘மரப்பெட்டி – 1’ என்று அதில் எழுதப்பட்டிருந்தது. "பணிமனையில றேடியோ இருந்தா அனுமதிப்பத்திரம் இருக்கவேணும். அனுமதிப்பத்திரம் இல்லை. ஆகவே றேடியோ இல்லை."

"அப்ப அந்த மரப்பெட்டியத் திருத்திக் காட்டினா அத்தாட்சி தருவீங்களா?"

அவர் சிந்தித்தார். அந்த மரப்பெட்டி மூன்று மாதங்களாக ஊமையாகக் கிடந்தது என்பதும், மத்தியான நாடகம் கேட்க முடியாமல் பணிமனை முழுவதும் வருந்தியது என்பதும் அவருடைய முகத்தில் தெரிந்தன. "பாக்கலாம்," என்றார்.

தேநீர் அடுப்பில் இரும்பைப் பழுக்கவைத்து, இருபது நிமிடங்களில் லைலா வேலையை முடித்தாள். மரப்பெட்டி இருமியது, பின்னர் கொழும்பின் மரக்கறி விலைகளை உரத்த குரலில் வாசித்தது. பக்கத்து அறையிலிருந்து இரண்டு எழுதுவினைஞர்கள் ஓடிவந்து, ஞானமணியைக் கண்டதும் செவிகளைப் பொத்திக்கொண்டார்கள். ஞானமணி பெட்டியை நிறுத்தி, துணியால் மூடி, பதிவுப் புத்தகத்தில் எழுதலானார்: ‘பெண்பிள்ளை மரப்பெட்டி ஒன்றைத் தொட்டார். பெட்டி பேசியது. பேசியதைப் பணிமனை கேட்கவில்லை.’

"அத்தாட்சி சேர்?"

"கேக்காததுக்கு எப்பிடிப் பிள்ளை அத்தாட்சி தாறது?"

சுவர் மணிக்கூட்டில் மூன்று மணி இருபது நிமிடம்.  லைலா இரும்பை ஈரத் துணியில் துடைத்து, தகரப்பெட்டியில் வைத்து மூடினாள். பன்னிரண்டு வயதில் அதனைத் திறந்தபோது அவளுக்கிருந்த முகத்தை நான் அறிவேன். இப்போதிருந்த முகத்தையும் பார்த்தேன். அதனை உண்டாக்கியது பணிமனை அன்று; முப்பத்தேழு படிவங்களில் நான் உறுப்பமைய எழுதிய ஒரு சொல்.

"மூணாவது வழிய எடுக்கிறன்," என்றேன்.

ஞானமணி மலர்ந்தார். ஒப்புதல் படிவம் தயாராகவே மேசை இழுப்பறையில் மேலாக இருந்தது. அதிலும் ‘நெல்’ வெட்டப்பட்டிருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்பவரின் பெயர் சங்கக்கடை அறிவித்தல் பலகையில் ஒரு மாதம் ஒட்டப்படும் என்றும், குற்றத்துக்குப் பயன்பட்ட சாதனம் அரசுடைமையாகும் என்றும் அவர் வாசித்துக் காட்டினார்.

"மகள் எந்தப் பெட்டியில பழகினவ?"

"எங்கட பெட்டியில. வீட்ட இரிக்கி. அனுமதிப்பத்திரம் இல்ல."

"வேற ஆரின்ரை பெட்டியளில பழகினவ? பேர் சொல்லுங்கோ. ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ."

என் மனைவி என்னை நோக்கினாள். வாளியிலும், கோழிக்கூட்டிலும், வைக்கோற்போரிலும் இருந்த பெட்டிகள் என் மனக்கண்முன் தோன்றின.

"வேற இல்ல சேர். எங்கட பெட்டிய மட்டும்தான். அதையே திருப்பித் திருப்பித் திருத்தின."

"எத்தனை தரம்?"

"பதினொரு தரம்."

"அவ்வளவு மோசமான பெட்டியோ?"

"அந்தப் பெட்டிக்கு ஒரு நாளும் உருப்படியாப் பேச்சு வந்ததில்ல தம்பி," என்று சித்தி பரீதா இடையில் புகுந்தாள். "இவரப் போல."

நான் எழுதினேன். மறைத்து வைக்கப்பட்ட ஆற்றலின் இனம்: வானொலிப் பெட்டி திருத்துதல். எண்ணிக்கை: ஒன்று. இருப்பு: உண்டு. அரசாங்கத்தின் படிவமொன்றில் ‘உண்டு’ என்னும் சொல்லை நான் எழுதியது அதுவே முதன்முறை. கை பழகாமையால் எழுத்து சற்றுக் கோணிற்று. ஞானமணி அதனை வாங்கி, பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விரித்து, கார்பன் தாளை வைத்து எழுதினார்: ‘மூதூர் அபூதாஹிர் என்பவரின் பொறுப்பிலிருந்து, அவர் மகள் லைலா என்பவரிடம் பதுக்கப்பட்டிருந்த, வானொலிப் பெட்டி திருத்தும் ஆற்றல் ஒன்று, நல்ல நிலையில், இன்று பறிமுதல் செய்யப்பட்டு, பணிமனையால் பெற்றுக்கொள்ளப்பட்டது.’ கையெழுத்திட்டு, வட்ட முத்திரையைக் குத்தி, ஊதிக் காயவைத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தப் பணிமனை திறந்து முதலாவது வெளிப்படுத்துகை," என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "மேலிடத்துக்கு இண்டைக்கே தந்தி அடிக்கவேணும்."

"அத்தாட்சிய இப்பத் தாங்க சேர்."

"என்ன அத்தாட்சி? ஆற்றல் இப்ப எங்களிட்ட இருக்கு. உங்கட மகளிட்ட இல்லை. இல்லாததுக்கு அத்தாட்சி குடுத்தா அது பொய் அத்தாட்சியாகிவிடும். நான் ஒரு பொறுப்பான உத்தியோகத்தன்."

மணி மூன்று ஐம்பது.  என் மனைவி ஞானமணியின் பிள்ளைகளையும் முழங்காலையும் மறந்து, அவருக்குச் சில சொற்களைக் கூறினாள். அவற்றை இங்கு எழுதுவது பொருத்தமன்று. லைலா என் கையிலிருந்த பற்றுச்சீட்டை எடுத்து ஒருமுறை வாசித்தாள். மீண்டும் ஒருமுறை வாசித்தாள். பின்னர் அதனை விண்ணப்பத்துடன் சேர்த்துக் குண்டூசியால் குத்திக்கொண்டு, படிகளில் இறங்கி ஓடினாள்.

பயிற்சி நிலையம் அங்கிருந்து முக்கால் மைல் தூரம். மழை பெய்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் மூச்சிரைக்க அவ்விடத்தை அடைந்தபோது, லைலா விண்ணப்பங்கள் ஏற்கும் சாளரத்தின் முன் நனைந்து நின்றாள். விண்ணப்பத்தை மார்புடன் அணைத்து ஓடிவந்திருந்தமையால் அது நனையவில்லை. உள்ளே எழுதுவினைஞர் அன்னலட்சுமி பற்றுச்சீட்டைக் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் வாசித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இது அத்தாட்சிப் பத்திரம் இல்லையே."

"பணிமனையின்ட முத்திரை இரிக்கி மிஸ். கையெழுத்து இரிக்கி. ஆற்றல் ஒண்டு இருந்த எண்டு இரிக்கி. நல்ல நிலையில எண்டும் இரிக்கி."

அன்னலட்சுமி முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். எங்கள் மூவரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார். அவரும் ஒரு பணிமனையில் வேலை செய்பவரே.

"சரி. இருந்தது. ஆனா பறிமுதல் செய்தாச்சு எண்டும் எழுதியிருக்கே. அப்ப இப்ப உம்மட்ட என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்ல மிஸ்," என்றாள் லைலா. "அதாலதான் படிக்க வந்தனான்."

அன்னலட்சுமி விதிகள் அடங்கிய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். முன்னிருந்து பின்னாகவும், பின்னிருந்து முன்னாகவும் புரட்டினார். பின்னர் அதனை மூடி, விண்ணப்பத்தை நேராக வைத்து, ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்ற முத்திரையை அதன்மீது குத்திச் சாளரப் பலகையை இறக்கினார். அப்போது நேரம் பிற்பகல் நான்கு மணி பதின்மூன்று நிமிடம்.